படிப்புக்குச் சர்க்கார் பணம்: கைக்கு வருவதற்குள் எத்தனை கதவு!

17,500 ரூபாய். இந்தப் பணத்தைக் கட்டுவதில் சில நிமிஷம் தாமதம் ஆகிவிட்டது. அதனால் ஓர் ஏழை மாணவனுக்குக் கிடைத்த ஐ.ஐ.டி. இடம் பறிபோனது.

இது நடந்தது 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் 24-ந் தேதி. மாணவன் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவன். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவன். தந்தை தினக்கூலி. கடினமான நுழைவுத் தேர்வில் தேறி, தன்பாத் ஐ.ஐ.டி.யில் எலெக்ட்ரிக்கல் என்ஜினீயரிங் படிக்க இடம் பெற்றிருந்தான். இடத்தை உறுதி செய்ய அன்று மாலை 5 மணிக்குள் பணம் கட்ட வேண்டும். தந்தை ஊராரிடம் கேட்டு வாங்கிப் பணத்தைச் சேர்த்தபோது மணி ஐந்தை நெருங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் விவரங்களைப் பதிவு செய்து முடிப்பதற்குள் 5 மணி அடித்துவிட்டது. கதவு மூடிக்கொண்டது.

அந்தக் குடும்பம் சோர்ந்துவிடவில்லை. கமிஷனிடம் முறையிட்டது. இலவச சட்ட உதவியை நாடியது. அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. ஆகவே வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்கும் வந்தது. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2024 செப்டம்பர் 30-ந் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த மாணவனை அதே ஆண்டில், அதே வகுப்பில் சேர்க்க வேண்டும், தேவையானால் கூடுதலாக ஓர் இடத்தை உண்டாக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. பிறகு, அவனுடைய படிப்புச் செலவை உபகாரச் சம்பளமாக ஏற்றுக்கொள்வதாக உத்தரப் பிரதேச சர்க்காரும் அறிவித்தது.

முடிவு நல்ல முடிவுதான். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். படிப்புச் செலவை ஏற்கக்கூடிய சர்க்கார் ஜூன் மாதத்திலும் இருந்தது. உபகாரச் சம்பளத் திட்டமும் இருந்தது. 17,500 ரூபாய் தேவைப்பட்ட அந்த மாலை நேரத்தில்தான் அது கைக்கு எட்டவில்லை. சுப்ரீம் கோர்ட்டுப் படி ஏறி நியாயம் பெற எல்லோராலும் முடியுமா? முடியாதவர்கள் எத்தனை பேர், எந்த ஊரில், எந்த வேலைக்குப் போனார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். படிப்புக்குச் சர்க்கார் தரும் பணத்துக்கு இன்று பூசாரிகள் பலர். தாசில்தார் ஆபீசு ஒன்று. கல்லூரி ஆபீசு ஒன்று. பாங்கி ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாகக் கம்ப்யூட்டர் ஒன்று.

எத்தனை வகை?

சர்க்கார் பணம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது ஒரே வகை அல்ல. குறைந்தது நான்கு வகை உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன.

முதலாவது, உபகாரச் சம்பளம். இது திருப்பித் தர வேண்டாத பணம். வருமானம் குறைந்த குடும்பம், குறிப்பிட்ட வகுப்பு, நல்ல மார்க்கு என்று ஏதாவது ஒரு தகுதியின் பேரில் கிடைப்பது.

இரண்டாவது, கட்டணச் சலுகை. பணம் மாணவன் கைக்கு வராது. அவனுக்காகச் சர்க்காரே கல்லூரிக்குக் கட்டிவிடும். தமிழ்நாட்டில் 2010-11 கல்வி ஆண்டில் வந்த 'முதல் தலைமுறைப் பட்டதாரி' சலுகை இந்த வகை. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டம் பெறாத குடும்பத்தில், முதலில் தொழிற்கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு இது கிடைக்கும். கவுன்சிலிங் மூலம் இடம் பெற்றிருக்க வேண்டும். பணம் கொடுத்து நிர்வாக இடத்தில் சேர்ந்தால் கிடைக்காது. இது தெரியாமல் முன்பணம் கட்டிவிட்டு, பிறகு சலுகை கேட்டுத் திரும்பி வருகிறவர்கள் உண்டு.

மூன்றாவது, மாதப் பணம். பஸ் செலவு, புத்தகம், சாப்பாடு என்று அன்றாடம் உதவுவது.

நான்காவது, கல்விக் கடன். இது தானம் அல்ல. வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன். சர்க்கார் இதில் வட்டியைக் குறைக்கும், அல்லது பாங்கிக்கு ஜாமீன் நிற்கும். அவ்வளவுதான்.

1944-ல் பிறந்த திட்டம்

இவற்றில் பழையது, தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு பத்தாம் வகுப்புக்கு மேலே படிக்கத் தரும் உபகாரச் சம்பளம். 1944-ல், நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, இது தொடங்கியது. வைஸ்ராயின் நிர்வாக சபையில் டாக்டர் அம்பேத்கர் அங்கத்தினராக இருந்த காலம் அது.

எண்பது ஆண்டுகளாக இந்தப் பணத்தில் படித்து டாக்டர் ஆனவர்கள், ஆசிரியர் ஆனவர்கள், கலெக்டர் ஆனவர்கள் ஏராளம். ஆனால் திட்டம் எப்போதும் ஒரே சீராக ஓடவில்லை. இடையிலே பெரிய தகராறு ஒன்று வந்தது. அது மாணவர்களுக்கும் சர்க்காருக்கும் நடந்த தகராறு அல்ல. டெல்லிக்கும் மாநிலங்களுக்கும் நடந்த தகராறு.

மாநிலங்கள் ஏற்கெனவே செலவழித்து வந்த தொகையை அவையே தொடர்ந்து ஏற்க வேண்டும், அதற்கு மேல் ஆகும் செலவை மட்டுமே மத்திய அரசாங்கம் கொடுக்கும் என்று ஒரு கணக்கு இருந்தது. இந்தக் கணக்கின்படி, நிறையப் பிள்ளைகளைப் படிக்க வைத்த மாநிலத்துக்குச் சுமையும் நிறைய. தமிழ்நாடு அப்படிப்பட்ட மாநிலம். 2017-18 முதல் மூன்று ஆண்டுகளில் நாடு முழுவதற்கும் மத்திய அரசாங்கத்தின் உதவி, ஆண்டுக்குச் சராசரியாக 1,100 கோடி ரூபாய் அளவில்தான் இருந்தது. மாநிலங்கள் தவித்தன. கல்லூரிகளுக்குப் பாக்கி ஏறியது. கல்லூரிகள் மாணவனைப் பிடித்தன.

2020 டிசம்பரில் மத்திய மந்திரிசபை இந்தக் கணக்கை மாற்றியது. செலவில் 100-க்கு 60 பங்கு டெல்லி கொடுக்கும், 40 பங்கு மாநிலம் கொடுக்கும் என்று முடிவாயிற்று. 2025-26 வரையிலான காலத்துக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய்க்குத் திட்டம் போடப்பட்டது. பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிற 1 கோடியே 36 லட்சம் ஏழைப் பிள்ளைகளை மேலே படிக்க வைப்பதும் நோக்கம் என்று சொல்லப்பட்டது.

அதோடு இன்னொரு மாற்றமும் வந்தது. முன்பு கல்லூரிக் கட்டணம் பல இடங்களில் கல்லூரிக்கே போய்ச் சேரும். இனி மத்திய அரசாங்கத்தின் பங்கு மாணவனின் பாங்கிக் கணக்குக்கு நேராக வரும் என்றார்கள். மாநிலம் தன் 40 பங்கைக் கொடுத்த பிறகு, மத்திய பங்கு வரும்.

இடைத்தரகர்கள் கொள்ளையடிக்க முடியாது என்பது இதன் நன்மை. ஆனால் பணம் வர எங்கே தடங்கல் வந்தாலும், கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டியவன் மாணவனே ஆகிவிட்டான். முன்பு கல்லூரியும் சர்க்காரும் பேசிக்கொண்டன. இப்போது கல்லூரி மாணவனைக் கேட்கிறது. மாணவன் யாரைக் கேட்பான்?

தண்ணீர் வர வேண்டிய நேரம்

விவசாயிக்கு இது நன்றாகப் புரியும். நாற்று நடுகிற நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டும். கதிர் காய்ந்த பிறகு வெள்ளமாக வந்தாலும் பயன் இல்லை.

கல்லூரி கட்டணம் கேட்பது ஆடி, ஆவணி மாதங்களில். உபகாரச் சம்பளம் அப்போதே வந்துவிடுமா? வராது. முதலில் மாணவன் மனு போட வேண்டும். கல்லூரியில் அதற்கென்று உள்ள அதிகாரி சரிபார்க்க வேண்டும். பிறகு மாவட்டம் அல்லது மாநில இலாகா பார்க்க வேண்டும். ஆதார் விவரமும் வருமான விவரமும் கம்ப்யூட்டரில் ஒத்துப்போக வேண்டும். மாநிலத்தின் பங்கு போக வேண்டும். அதற்குப் பிறகுதான் மத்திய பங்கு. இத்தனையும் முடிவதற்குள் பொங்கல் போய்விடுவது உண்டு. சில சமயம் பரீட்சையே வந்துவிடுவதும் உண்டு.

இடைப்பட்ட மாதங்களில் என்ன நடக்கிறது? அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று வட்டி, ஐந்து வட்டி என்று கடன் வாங்கப்படுகிறது. சர்க்கார் இலவசமாகத் தருகிற பணத்துக்காக ஏழை வட்டி கட்டுகிறான்! பிறகு வந்து சேரும் உபகாரச் சம்பளம் படிப்புக்குப் போவதில்லை. வட்டிக்கடைக்குப் போகிறது.

இதற்கு விதியிலேயே ஒரு மருந்து உண்டு. 'ப்ரீஷிப் கார்டு' என்று அதற்குப் பெயர். முன்பணம் கட்ட வழியில்லாத, தகுதியுள்ள தாழ்த்தப்பட்ட மாணவனுக்கு மாநிலம் இந்த அட்டையைத் தரலாம். அட்டை உள்ளவனைக் கல்லூரி கட்டணம் கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். பணம் கணக்குக்கு வந்ததும் அவன் கட்டிவிட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் இப்படி ஓர் அட்டை இருப்பதே எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

ஒரு ரூபாய் கூடினால்

2021-ல் வந்த விதிகளின்படி, இந்த உபகாரச் சம்பளம் பெற குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2½ லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கேட்பதற்குப் பெரிய தொகைபோல் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நாள் ஒன்றுக்கு 685 ரூபாய் கூட இல்லை.

ஒரு வீட்டில் புருஷனும் மனைவியும் கூலி வேலைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாள் கூலி 500 ரூபாய். ஆண்டில் 300 நாள் வேலை. இருவருக்கும் சேர்த்து 3 லட்சம் ரூபாய் ஆகிறது. வரம்பைத் தாண்டிவிட்டார்கள்! அவர்களை யாராவது பணக்காரர்கள் என்று சொல்வார்களா?

வரம்புக்கு ஒரு ரூபாய் கீழே இருந்தால் முழு உதவி. ஒரு ரூபாய் மேலே போனால் ஒன்றும் இல்லை. படிப்படியாக இறங்குகிற மாடிப்படிபோல் இல்லாமல், கிணற்றுச் சுவர்போல் இருக்கிறது இந்த வரம்பு. உண்மையைச் சொல்கிறவன் விழுகிறான். குறைத்துச் சொல்கிறவன் தப்புகிறான். நேர்மையைத் தண்டிக்கிற விதி நல்ல விதி ஆகாது.

கெடுபிடி ஏன்?

சர்க்கார் ஏன் இத்தனை காகிதம் கேட்கிறது? இதற்கும் காரணம் இருக்கிறது. அதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும்.

சிறுபான்மை மாணவர்களுக்கான உபகாரச் சம்பளத்தில் மோசடி நடப்பதாகப் புகார் எழுந்தது. மத்திய அரசாங்கம் விசாரணை நடத்தியது. 1,572 கல்வி நிலையங்களைச் சோதித்ததில் 830 நிலையங்கள் போலி, அல்லது நடக்காத நிலையங்கள் என்று தெரியவந்தது. 2017-18 முதல் 2021-22 வரை ஐந்து ஆண்டுகளில் 144 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று கணக்கிடப்பட்டது. 2023-ல் வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது.

மக்கள் வரிப்பணம் இப்படிப் போனால் சர்க்கார் சும்மா இருக்க முடியாது. சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் திருடியது யார் என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூடமே இல்லாமல் பெயர்ப் பலகை மாட்டியவர்கள், இல்லாத மாணவர்களுக்குக் கணக்குத் திறந்தவர்கள், அதைக் கண்டும் காணாமல் கையெழுத்துப் போட்டவர்கள். இவர்கள் செய்த குற்றத்துக்குப் பரிகாரமாக, நிஜமான மாணவன் மேலும் ஒரு சான்றிதழ், மேலும் ஒரு கைரேகை என்று கொடுத்துக்கொண்டிருக்கிறான். பூட்டுப் போட வேண்டிய இடம் கல்லூரி வாசல். பூட்டுப் போட்டிருப்பதோ மாணவனின் கையில்.

ஆதாரும் பாங்கியும்

'மனு அங்கீகரிக்கப்பட்டது; பணமும் அனுப்பியாகிவிட்டது' என்று கம்ப்யூட்டர் சொல்லும். பாங்கியில் போய்ப் பார்த்தால் பணம் இருக்காது. இது பல குடும்பங்களைக் கலங்க வைக்கிற விஷயம். இதன் சூட்சுமம் சுலபமானது. ஆனால் யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

ஒருவருக்கு நாலு பாங்கியில் கணக்கு இருக்கலாம். நாலிலும் ஆதார் நகல் கொடுத்திருக்கலாம். ஆனால் சர்க்கார் பணம் ஆதார் எண்ணைப் பார்த்து வரும்போது, ஒரே ஒரு கணக்குக்குத்தான் போகும். எந்தப் பாங்கியில் கடைசியாக அதற்கென்று ஆதாரை இணைத்தோமோ, அந்தப் பாங்கிக்கு. மற்றப் பாங்கிகளில் ஆதார் கொடுத்தது அடையாளத்துக்காக மட்டும்.

பள்ளிக்கூடத்தில் படித்தபோது திறந்த கணக்கு ஒன்று இருக்கும். பிறகு வேறு ஒரு காரணத்துக்காக இன்னொரு கணக்கு திறந்து, அங்கே ஆதாரை இணைத்திருப்பார்கள். பணம் புதிய கணக்குக்குப் போயிருக்கும். வீட்டில் பழைய பாஸ் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

இது கற்பனை அல்ல. 2017-ல் ஒரு பெரிய செல்போன் கம்பெனியின் பாங்கியில், வாடிக்கையாளர்களுக்குச் சரியாகத் தெரியாமலே கணக்குகள் திறக்கப்பட்டு, அவர்களுடைய சமையல் காஸ் மானியம் அங்கே போய்ச் சேர்ந்தது. ஆதார் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. ஆகவே, 'எந்தக் கணக்குக்கு என் ஆதார் பணம் வரும்?' என்ற ஒரு கேள்வியை பாங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்வது நூறு நடையை மிச்சப்படுத்தும்.

தமிழ்நாடு காட்டிய வழி

கதவுகளைக் குறைக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2022 செப்டம்பர் 5-ந் தேதி 'புதுமைப் பெண்' திட்டம் தொடங்கியது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள திட்டம் இது. முன்பு இதே பெயரில் கல்யாணத்துக்கு உதவிப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். அதை மாற்றி, அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். கல்யாணப் பந்தலுக்குப் போன பணம் கல்லூரி வாசலுக்குத் திரும்பியது. இதே மாதிரி ஆண் பிள்ளைகளுக்கு 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டு 9-ந் தேதி கோயமுத்தூரில் தொடங்கியது.

மாதம் 1,000 ரூபாய் பெரிய தொகையா? மூன்று ஆண்டுப் படிப்புக்கு 36,000 ரூபாய். கவனிக்க வேண்டியது தொகையை அல்ல, முறையை. இதிலே வருமான வரம்பு வைக்கவில்லை. ஆகவே வருமானச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்தாளா என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் சர்க்காரின் பள்ளிக் கணக்கிலேயே இருக்கிறது. மனுவும் கல்லூரி வழியாகவே போகிறது. சர்க்காருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை மறுபடியும் ஏழையிடம் கேட்காமல் இருந்தால், பாதி அலைச்சல் தீர்ந்துவிடும் என்பதை இது காட்டியது.

2020-ல் மருத்துவப் படிப்பிலும், 2021-ல் என்ஜினீயரிங் முதலிய படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 100-க்கு 7½ பங்கு இடம் ஒதுக்கியபோதும் இதே பாடம் தெரிந்தது. இடம் கொடுத்தார்கள். கட்டணம் கட்ட முடியாமல் சிலர் தயங்கினார்கள். பிறகு படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் ஆகியவற்றையும் சர்க்காரே ஏற்பதாக 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. இடமும் பணமும் சேர்ந்து வந்தால்தான் உதவி முழுமை ஆகும்.

2021-22 கணக்கின்படி, தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 47 பேர் என்ற அளவில் உயர்கல்வியில் இருந்தார்கள். நாடு முழுவதும் பார்த்தால் 28 பேர்தான். இந்த வித்தியாசம் தானாக வந்ததல்ல.

அமெரிக்காவிலும் இதே கதை

பணக்கார நாடான அமெரிக்காவில் இந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே கல்லூரிக்குச் சர்க்கார் பணம் வேண்டுமானால் 'பாப்சா' என்ற ஒரே மனுவை நிரப்ப வேண்டும். ஏழை மாணவருக்கு 2024-25-ல் அதிகபட்சமாக ஆண்டுக்கு 7,395 டாலர் வரை உதவி உண்டு.

அந்த மனுவில் 100-க்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. இதைச் சுருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சட்டம் போட்டார்கள். சிலருக்கு 18 கேள்விகளே போதும் என்று புதிய மனு தயாராயிற்று. ஆனால் அக்டோபரில் வர வேண்டிய மனு 2023 டிசம்பர் கடைசியில்தான் வந்தது. அதிலும் கோளாறுகள். குடியேறிய பெற்றோர்களில் பலர், சமூகப் பாதுகாப்பு எண் இல்லாததால், தங்கள் பகுதியை நிரப்ப முடியாமல் தவித்தார்கள். மாணவர்களின் விவரம் கல்லூரிகளுக்குப் போய்ச் சேர 2024 மார்ச் ஆகிவிட்டது. உதவி கேட்டுப் போன் செய்தவர்களின் கதி என்ன? முதல் ஐந்து மாதங்களில் வந்த சுமார் 54 லட்சம் அழைப்புகளில் சுமார் 40 லட்சத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று அந்த நாட்டின் தணிக்கை அலுவலகமே சொல்லியது.

அடுத்த ஆண்டு பாடம் கற்றுக்கொண்டார்கள். முதலில் சிறு அளவில் சோதித்துப் பார்த்துவிட்டு, 2024 நவம்பரில் எல்லோருக்கும் திறந்தார்கள். கேள்விகளைக் குறைத்தால் மட்டும் போதாது. மனு நேரத்தில் வர வேண்டும், கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும் என்பதே அந்தப் பாடம். அது நமக்கும் பொருந்தும்.

கடன் வாங்குமுன்

உபகாரச் சம்பளம் கிடைக்காதவர்களுக்குக் கல்விக் கடன் இருக்கிறது. 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குப் பாங்கிகள் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ஏற்பாடு. 2024 நவம்பர் 6-ந் தேதி மத்திய மந்திரிசபை 'பி.எம். வித்யாலட்சுமி' திட்டத்துக்கு அனுமதி அளித்தது. தரவரிசையில் முன்னே நிற்கும் கல்வி நிலையங்களில் (தொடக்கத்தில் சுமார் 860) இடம் பெற்றவர்களுக்கு இது பொருந்தும். 7½ லட்சம் ரூபாய் வரையிலான கடனில் 100-க்கு 75 பங்குக்குச் சர்க்கார் உத்தரவாதம் தருகிறது. குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு என்று கணக்கு. ஊர்ப் பக்கத்துச் சிறு கல்லூரிகளில் சேரும் பெரும்பாலான பிள்ளைகள் இதில் வர மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடன் வாங்குமுன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நாலு ஆண்டு கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால், சாதாரண வட்டியே 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் சேர்ந்திருக்கும். 4 லட்சத்துக்குப் பதில் 5 லட்சத்து 40 ஆயிரம் கட்ட வேண்டும். வட்டி மானியம் உண்டா, அதற்குத் தனியாக மனு போட வேண்டுமா என்று பாங்கியில் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

பெற்றோர் செய்ய வேண்டியது

பிள்ளை 12-ம் வகுப்பில் இருக்கும்போதே தயாராக வேண்டும். மார்க்கு வந்த பிறகு ஓடினால், தாசில்தார் ஆபீசில் கூட்டம் நிற்கும்.

பெயர் முக்கியம். நம் ஊரில் இனிஷியல் போடுகிறோம். மார்க்குச் சான்றிதழில் பெயருக்கு முன்னே இனிஷியல், ஆதாரில் பெயருக்குப் பின்னே தந்தை பெயர் முழுதும், பாங்கியில் வேறு எழுத்து என்று இருந்தால் கம்ப்யூட்டர் மூன்று பேர் என்று நினைத்துக்கொள்ளும். மூன்றையும் ஒன்றாக்கிவிட வேண்டும்.

ஜாதிச் சான்றிதழை ஒரு தடவை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் அப்படி அல்ல. தமிழ்நாட்டில் அது ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். ஆதாரில் உள்ள செல்போன் எண் நடப்பில் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. இல்லாமல் வேலை நடக்காது. அந்த எண்ணை யாருக்கும் சொல்லவும் கூடாது.

மனு போட்டதோடு வேலை முடிந்துவிடாது. கல்லூரி அதிகாரி சரிபார்த்து மேலே அனுப்பினாரா என்று கேட்க வேண்டும். அவர் அனுப்பாவிட்டால் மனு அங்கேயே உறங்கும். பிழை என்று திருப்பி அனுப்பியிருந்தால், திருத்துவதற்கும் கடைசித் தேதி உண்டு. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். முதல் ஆண்டு வந்துவிட்டது என்று சும்மா இருக்கக் கூடாது. பல திட்டங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த ஆண்டு விதியைக் கல்லூரி ஆபீசில் கேட்டுக்கொள்வது நல்லது.

சர்க்கார் உபகாரச் சம்பள மனுவுக்குக் கட்டணம் இல்லை. 'பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்' என்று வருகிறவன் தரகன். அவனை நம்பக் கூடாது.

சர்க்கார் செய்ய வேண்டியது

பெற்றோருக்குப் புத்தி சொல்லிவிட்டால் மட்டும் போதாது. சர்க்கார் செய்ய வேண்டியதும் இருக்கிறது.

கல்லூரி எந்த மாதம் பணம் கேட்கிறதோ, அந்த மாதத்தில் பணம் போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால், பணம் வரும் வரை மாணவனைக் கேட்கக் கூடாது என்று கல்லூரிக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ப்ரீஷிப் கார்டை எல்லாக் கல்லூரி வாசலிலும் விளம்பரப்படுத்த வேண்டும். வருமான வரம்பைத் தாண்டினால் முழுதும் நிறுத்தாமல், படிப்படியாகக் குறைக்க வேண்டும். சர்க்காரிடமே உள்ள விவரத்தைச் சர்க்காரே எடுத்துக்கொள்ள வேண்டும். மனு ஏன் நிராகரிக்கப்பட்டது என்று தமிழில், புரியும்படி, ஒரு வரியில் சொல்ல வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய கோடிகள் அவ்வளவாகத் தேவை இல்லை. ஒதுக்கிய பணம் உரிய தேதியில் போனால் போதும்.

படிப்புப் பணம் பிச்சை அல்ல. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி கட்டுகிறான். அந்த வரியிலிருந்துதான் அவன் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் வருகிறது. வரி வாங்கும்போது சர்க்கார் அவனிடம் ஜாதிச் சான்றிதழோ, வருமானச் சான்றிதழோ கேட்பதில்லை. கடையிலேயே, அந்த நிமிஷமே வாங்கிக்கொள்கிறது. அவன் பிள்ளைக்குத் திருப்பித் தரும்போதும் அந்த வேகத்தில் பாதியாவது காட்டலாம் அல்லவா?